'அலெகரி'க்கு ஒரு சொல்: பிறிதுமொழிதலா, உள்ளுறையா, உருவகமா?

அன்பர்களே,
பழைய அரசியல் கருத்துப்படங்கள் பற்றிய பாடநூல் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. 'சிம்பல்' என்பதற்குக் குறியீடு போதும். 'அலெகரி' (படமோ கதையோ முழுவதுமாக வேறொரு பொருளைச் சுட்டுவது)தான் இடிக்கிறது, 'உருவகக் கதை' படத்துக்கு ஒட்டவில்லை. 1890இல் பஞ்ச் என்ற ஆங்கில நகைச்சுவை இதழில் ஓவியர் டென்னியல் வரைந்ததைப் பாருங்கள். ஜெர்மன் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் மீகாமன் (கப்பலுக்கு வழிகாட்டுபவர்) உடையில் கப்பலின் பக்கவாட்டுப் படியில் இறங்குகிறார். முடிசூடிய இளம் கைசர் (ஜெர்மன் பேரரசர்) மேலே சாய்ந்து நின்று பார்க்கிறார். கப்பல் அரசு, மீகாமன் தலைமை அமைச்சர், இறங்குவது பதவி இழப்பு. எல்லாம் ஒரே கோவை.
— ப.

> ஒரே கோவை

பிறிதுமொழிதல் (உவமையை மட்டும் சொல்லிப் பொருளை உய்த்துணர விடுவது) இருக்க வேறென்ன தேடல்? 'பீலிபெய் சாகாடும்' குறளில் வண்டியும் மயிற்பீலியும் அச்சும்தான் உண்டு. கருதிய பொருளான பகைவர் கூட்டம் பற்றி ஒரு சொல் இல்லை. அணி இலக்கணம் எழுதிய தண்டி இதை ஒட்டு என்கிறார். 'ஒட்டுப்படம்' என்றே வைக்கலாம்.
— செ.

செ. ஐயா, ஒட்டுப்படம் என்றால் மாணவர்கள் பசையும் கத்தரிக்கோலும் எடுப்பார்கள்.
— ப.

பிறிதுமொழிதலில் கருதிய பொருள் மறைந்திருக்க வேண்டும். அந்தப் படத்திலோ பிஸ்மார்க்கின் மீசை அப்படியே இருக்கிறது! 1754இல் அமெரிக்காவில் பிராங்க்ளின் வெளியிட்ட பாம்புப் படமும் அப்படித்தான்: எட்டுத் துண்டு, ஒவ்வொன்றின் அருகிலும் குடியேற்றப் பகுதியின் பெயர்ச்சுருக்கம். எழுத்துகளை அழித்தால் பிறிதுமொழிதல், எழுதிவிட்டால் உருவகம்.
— வ.

உருவகமே 'ரூபகம்' என்ற வடசொல்லின் நிழல். உள்ளுறை (கருப்பொருள் வழியே வேறொன்றைக் குறிப்பாக உணர்த்துவது) என்க.
— செ.

உரு, உருத்தல், உருவு எல்லாம் நம்முடையவை; அந்த வழக்கை இன்னொரு இழையில் நடத்தலாம். உள்ளுறைக்கு வருவோம். 'உள்ளுறை தெய்வம் ஒழிந்ததை நிலமெனக் கொள்ளும்' என்பது தொல்காப்பியம்; தெய்வம் தவிர்த்த கருப்பொருளே அதற்கு இடம். 1857இல் பிரிட்டன் சிங்கம் வங்கப் புலிமேல் பாயும் டென்னியல் படம் தேறும், விலங்கு கருப்பொருள். தலைக்கவசமும் சூலமுமாக, தெய்வ வடிவில் நிற்கும் பிரிட்டானியா (பிரிட்டனைப் பெண்ணாகக் காட்டும் உருவம்)? உங்கள் நூற்பாவே வாசலில் நிறுத்திவிடுகிறது.
— வ.

வகுப்புக்கு உதவும் ஒரு சோதனை: ஒரு பொருளை நீக்கிப் பாருங்கள். 1805இல் ஆங்கில ஓவியர் கில்ரே வரைந்த படத்தில் பிரிட்டிஷ் தலைமை அமைச்சர் பிட்டும் நெப்போலியனும் உலக உருண்டையைப் பிளம் புட்டிங் என்ற இனிப்புப் பண்டமாக வெட்டிக்கொள்கிறார்கள். பிட் கையில் திரிசூலம் போன்ற முள்கரண்டி. அது கடற்படை வலிமையின் குறியீடு. அதைச் சாதாரணக் கரண்டியாக்கினாலும் படம் நிற்கும், கூர்மைதான் குறையும். புட்டிங்கை எடுத்தால் இருவர் வெறும் மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். படத்தையே தாங்கும் இதற்குத் தண்டியின் 'முற்றுருவகம்' சரி: உறுப்பும் முழுமையும் சேர்ந்தே உருவகமாவது.
— இரா.

முற்றுருவகம், சரி. யானையைத் தனியே அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் சின்னமாகக் கண்டால் குறியீடு. 1874இல் அமெரிக்க ஓவியர் நாஸ்ட் வரைந்தபடி, சிங்கத்தோல் போர்த்த கழுதைக்கு மிரண்டு குழி விளிம்பில் தடுமாறினால் முற்றுருவகம். மறுப்பு உண்டா?
— ப.

தண்டியின் முற்றுருவகம் ஒரு பாட்டுக்குள் உவமேயத்தையும் (உவமிக்கப்படும் பொருளையும்) சொல்லிவிடும். படத்தில் எழுத்தே இல்லாதபோது அதுவும் பொய்யே. அச்சிடுங்கள், என் மறுப்பை அடிக்குறிப்பில் போடுங்கள்.
— செ.

அடிக்குறிப்புக்கு இடமில்லை ஐயா. முற்றுருவகம் என்றே அனுப்புகிறேன்.
— ப.

அனுப்புமுன் ஒன்று. 1831இல் பிரெஞ்சு ஓவியர் பிலிப்போன் தம் மன்னர் லூயி பிலிப்பின் முகத்தை நான்கே படிகளில் பேரிக்காயாக மாற்றிக் காட்டினார். பிறகு வெறும் பேரிக்காயே மன்னரைச் சுட்டியது. அதை எந்த இயலில் வைத்திருக்கிறீர்கள்?
— வ.