ஸ்காண்டிநேவியாவில் கையிறுக்கமாக ஊர் சுற்றியவர்களே, இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

உப்சாலாக்காரி:

எக்ஸ்சேஞ்ச் செமஸ்டர் என்று ஒரு பருவம் மட்டும் வெளிநாட்டில் படிக்கப் போன எல்லோருக்கும் அந்த வாழ்க்கை தெரியும். ராத்திரி பஸ், யாரோ ஒருவரின் அறைத் தரையில் தூக்கம், மலிவு ரொட்டி. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஓஸ்லோவில் நடந்த ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

டிசம்பர், ஞாயிற்றுக்கிழமை. நான், ஒரு டச்சுப் பையன், இரண்டு கொரியப் பெண்கள். முந்தின இரவு க்ரிங்ஷோ மாணவர் குடியிருப்பில் பார்ட்டி. அங்கே கிடந்த காலி பாட்டில், கேன் எல்லாவற்றையும் வாரிக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டோம். காலி பாட்டிலை, கேனைக் கடை மெஷினில் போட்டால் வாங்கும்போது கட்டிய முன்பணம் திரும்பக் கிடைக்கும். நார்வேயில் சின்னதற்கு 2 குரோனர், அரை லிட்டரைத் தாண்டினால் 3. ஸ்வீடனுக்கு எடுத்துப் போனால் அந்த ஊர் மெஷின் காசு தராது. அதனால் பஸ் ஏறுவதற்குள் மாற்றிக் காபி குடிப்பதாகத் திட்டம். மணி எட்டரை ஆகியும் விடியவில்லை.

ஒரு பெரியவர் வந்தார். தோளில் நீல நிற ஐகியா பை, கையில் டார்ச். எங்கள் மூட்டையைக் காட்டி, வேண்டுமா வேண்டாமா என்று சைகையில் கேட்டார். டச்சுப் பையன் சட்டென்று, "இது எங்களுடையது, நாங்கள் மாணவர்கள்" என்றான். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். தலையை ஆட்டினார். தன் பையில் கைவிட்டு இரண்டு பெரிய பாட்டிலை எடுத்து எங்கள் மூட்டைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

குத்திக் காட்டினாரா, நிஜமாகவே கொடுத்தாரா? முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. கொரியப் பெண் ஒருத்தி பின்னாலேயே ஓடித் திருப்பித் தரப் பார்த்தாள், வாங்கவில்லை. மெஷினில் எல்லாவற்றையும் போட்டு முடித்ததும் டச்சுப் பையன் பணத்துக்கான பொத்தானை விட்டுவிட்டு, ரெட் கிராஸ் லாட்டரிக்குப் போகிற பொத்தானை அமுக்கிவிட்டான். லாட்டரியும் விழவில்லை, காபியும் இல்லை. பஸ்ஸில் ஸ்டாக்ஹோம் வரும்வரை அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பாலம்தாண்டி:

இதில் உறுத்த என்ன இருக்கிறது என்று புரியவில்லை. உங்கள் பாட்டில், உங்கள் காசு. கோபன்ஹேகனில் குப்பைத்தொட்டிகளிலேயே பாட்டில் வைக்கத் தட்டு மாட்டியிருக்கிறார்கள். வேண்டாதவர் வைப்பார், வேண்டியவர் எடுப்பார், யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஓஸ்லோ பெரியவர் உங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருப்பார், அவ்வளவுதான்.

என் கதை வேறு. நான் ஸ்வீடனில் லுண்டில் படித்தேன். சனிக்கிழமையானால் ரயிலேறிப் பாலம் தாண்டிக் கோபன்ஹேகன். 2000-ல் திறந்த பாலம். அதைக் கட்டியதே இரண்டு கரையும் ஒரே ஊர் மாதிரி ஆகட்டும் என்றுதான். டென்மார்க் போகும்போது ஒரு தொந்தரவும் கிடையாது. திரும்பும்போது ஸ்வீடன் பக்கத்தில் சோதனை. 2015 கடைசியில் அகதிகள் நிறைய வந்த சமயத்தில் தொடங்கியது.

ஒரு நாள் நான்கு பேர் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். நான், துருக்கிக்காரி, இரண்டு பிரெஞ்சுப் பையன்கள். சீருடையில் ஒருவர் வந்தார். என் குடியிருப்பு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பாஸ்போர்ட்டும் கேட்டார். துருக்கிக்காரிக்கும் அதே. பிரெஞ்சுப் பையன்களில் ஒருவன் கைப்பேசியில் பாஸ்போர்ட்டின் படத்தைக் காட்டினான், சரி என்றார். இன்னொருவன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பவே இல்லை.

அவர் ஒரு வார்த்தைகூடக் கடுமையாகப் பேசவில்லை. "நல்ல மாலை அமையட்டும்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். எதை வைத்துச் சண்டை போடுவது? தூங்கியவன் லுண்டில் எழுந்து, "இன்றைக்குச் சோதனை இல்லையா?" என்று கேட்டான். துருக்கிக்காரி அன்றோடு எங்களுடன் கோபன்ஹேகன் வருவதை நிறுத்திவிட்டாள். நான் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

சிக்கனசிகாமணி:

பாட்டில் பொறுக்கிக் காபி குடிக்கிற அளவுக்கு ஏன் போகிறீர்கள்? திட்டமிட்டால் போதும். புதிதாகப் போகிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

சுற்றுலாப் படகுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஸ்டாக்ஹோமில் சாதாரண டிக்கெட் 75 நிமிடம் செல்லும், அதிலேயே ஸ்லூசனிலிருந்து யூர்கோர்டன் படகும் அடங்கும். ஓஸ்லோவில் நகர டிக்கெட்டிலேயே தீவுகளுக்குப் படகு உண்டு. ஹொவெடோயாவில் பாழடைந்த மடாலயம், குளிக்க நல்ல கரை. கோபன்ஹேகனில் துறைமுகத்தில் ஓடும் மஞ்சள் படகும் பஸ் டிக்கெட்தான். கோதன்பர்க்கில் டிராமில் சால்ட்ஹோல்மென் போய் அங்கிருந்து கார் இல்லாத தீவுகளுக்குப் படகு, அதுவும் ஊர் டிக்கெட்தான்.

ஸ்டாக்ஹோம் மெட்ரோவை இறங்கி இறங்கிப் பாருங்கள். பாறையைக் குடைந்து ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். டி-சென்ட்ராலன் நிலையத்தில் நீலச் செடிகொடி ஓவியம், சோல்னா சென்ட்ரும் நிலையம் சிவப்பு. ஒரு மியூசியம் கட்டணம் மிச்சம். ஓஸ்லோ ஆபரா இசை அரங்கின் கூரைமேல் நடக்கக் காசில்லை, ஆனால் பனி உறைந்த நாளில் அந்தப் பளிங்கு வழுக்கும். ஸ்வீடனில் வெளியே சாப்பிட்டே ஆக வேண்டுமென்றால் வார நாள் மதியம். அன்றைய சாப்பாடு என்று போட்டிருப்பார்கள். சாலட், ரொட்டி, காபி எல்லாம் அந்த விலைக்குள் வந்துவிடும். அதே கடையில் ராத்திரி உட்கார்ந்தால் பர்ஸ் காலி. ஸ்வீடனில் ரொக்கமே வேண்டாம். சீனியர் கொடுத்த பழைய 500 குரோனர் நோட்டை வைத்துக்கொண்டு ஒருவன் அலைந்தான், அது 2017-லேயே செல்லாமல் போனது.

ஓஸ்லோவில் வெள்ளிக்கிழமை இருந்தால் தமிழ்க் கோயிலுக்குப் போங்கள். ஒரு வேளைச் சாப்பாடு மிச்சம்.

என் அனுபவமா? ஹாஸ்டலில் பெட்ஷீட்டுக்குத் தனிக் காசு கேட்டார்கள். ஸ்லீப்பிங் பேக்கும் கூடாதாம். கூட வந்த இத்தாலிக்காரன் கோட்டைப் போர்த்திக்கொண்டு தூங்கினான். ஷீட் கொண்டு போங்கள்.

குரோன்லாந்துப் பெடியன்:

சிகாமணி அண்ணை, அந்தக் கோயில் கதைக்குப் பதில் எழுதாமல் இருக்க ஏலவில்லை. நான் ஓஸ்லோவில் பிறந்தவன். அப்பா அம்மா எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவை.

ஒருமுறை சென்னையிலிருந்து வந்த மாணவர் ஒருத்தர் நாலைந்து ஐரோப்பியப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தார். பூசை முடிகிற நேரம் பார்த்து வந்தார்கள். அது பரவாயில்லை, பசிக்கு வருகிறவர்களை எங்கட கோயிலில் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தா. ஒரு ஜெர்மன் பிள்ளை பர்ஸைத் திறந்து எவ்வளவு என்று கேட்டாள். நம்மவர் முந்திக்கொண்டு, "இலவசம், அதற்காகத்தான் இங்கே வந்தோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அம்மாவுக்கு ஆங்கிலம் விளங்காது என்று நினைத்திருப்பார். அம்மா ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்துகொண்டே இங்கே மொழி படித்தவ. நோர்வேஜியனும் விளங்கும், ஆங்கிலமும் விளங்கும்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு இன்னொரு கரண்டி பருப்பு விட்டா. அந்த ஜெர்மன் பிள்ளைதான் கடைசிவரை நின்று பாத்திரம் கழுவிவிட்டுப் போனாள். வாங்கோ, சாப்பிடுங்கோ. ஆனால் படகு டிக்கெட்டோடு சேர்த்துப் பட்டியலில் போடாதேங்கோ.

துர்க்குக் கப்பல்:

ஸ்டாக்ஹோமிலிருந்து பின்லாந்துக்குப் போகும் ராத்திரிக் கப்பலை ஏன் யாரும் சொல்லவில்லை? நான்கு பேர் படுக்கும் கேபின், கார் தளத்துக்கும் கீழே, ஜன்னல் கிடையாது. பகிர்ந்துகொண்டால் ஹாஸ்டலைவிட மலிவு. டிக்கெட் அவ்வளவு குறைவாக இருக்கக் காரணம் உள்ளே இருக்கிற வரியில்லாக் கடை. ஆலந்து தீவுகள் ஐரோப்பிய ஒன்றியத்தின் வரி எல்லைக்கு வெளியே இருப்பதால், கப்பல் நடுராத்திரி அங்கே ஒரு முறை நின்றுவிட்டுப் போகும். பாதிப் பயணிகள் ஊர் பார்க்க வந்தவர்களே இல்லை, பீர் பெட்டி வாங்க வந்தவர்கள்.

நடன அறையில் வயதானவர்கள் டாங்கோ ஆடிக்கொண்டிருந்தார்கள். பின்லாந்துக்காரர்களுக்கு டாங்கோ பெரிய விஷயம். ஒரு தாத்தா எங்கள் மெக்சிகோத் தோழியிடம் வந்து குனிந்து கை நீட்டினார். இரண்டு பாட்டு ஆடினார்கள், அருமையாக. மூன்றாவது பாட்டு தொடங்கும்போது அவளை மேசைவரை கொண்டுவந்து விட்டு, தலை குனிந்துவிட்டுப் போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. "நான் என்ன தப்பு செய்தேன்?" என்று அவள் முகம் வாடிவிட்டது. பக்கத்து மேசைப் பெண்தான் சொன்னாள்: இரண்டு பாட்டு ஆடி, இருந்த இடத்தில் கொண்டுவந்து விடுவதுதான் மரியாதை. அதைக் கேட்டதும் இவளே போய் அவரைக் கூப்பிடலாம் என்று தேடினாள். கப்பல் முழுக்கச் சுற்றினோம், ஆள் கிடைக்கவில்லை.

சிக்கனசிகாமணி:

பின்லாந்து ஸ்காண்டிநேவியா கிடையாது. ஸ்வீடன், நார்வே, டென்மார்க் மட்டும்தான் அது. பின்லாந்தையும் சேர்த்துச் சொன்னால் நார்டிக் நாடுகள். தலைப்பைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

கோயிலில் நான் உண்டியலில் போட்டேன். அதையும் எழுதியிருக்கலாம்.

பெர்கன் மழை:

சிகாமணி இருக்கிற இடத்தில் சண்டை இல்லாமல் இருக்காது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

பெர்கன். வழக்கம்போல மழை. ஃப்ளோயன் மலைக்கு ரயிலில் போகாமல் நடந்தே ஏறி இறங்கிவிட்டு, பசியோடு மீன் சந்தைக்குள் நுழைந்தோம். விலைப் பலகையைப் பார்த்ததும் பசி அடங்கிவிட்டது. ருசி பார்க்க நறுக்கி வைத்திருந்த சால்மன் துண்டுக்காக ஒரே கடையை இரண்டாம் தடவை சுற்றுகிறோம். ரப்பர் ஏப்ரன் போட்ட விற்பனையாளர் எங்கள் ஸ்பானியத் தோழியின் பேச்சைக் கேட்டதும் ஸ்பானிஷில் ஆரம்பித்துவிட்டார். பத்து நிமிடம் இருக்கும். அவள் முகம் மாறிக்கொண்டே போனது.

வெளியே வந்து சொன்னாள்: அவரும் ஒரு செமஸ்டருக்கு எக்ஸ்சேஞ்ச் வந்தவராம். படித்தது கட்டடக் கலை. ஊரில் வேலை இல்லாமல் போன வருடங்களில் இங்கேயே திரும்பி வந்துவிட்டாராம். இவள் படிப்பதும் கட்டடக் கலை. "எப்போது திரும்பிப் போவீர்கள் என்று கேட்டாயா?" என்றேன். "அவர்தான் என்னிடம் கேட்டார்" என்றாள்.

அவர் பொட்டலம் கட்டிக் கொடுத்த மீனை அவள் தொடவில்லை. நாங்கள் மூன்று பேர் சாப்பிட்டோம், நன்றாகவே இருந்தது.