‘ஸ்டட்டர்’ என்பதற்குத் தமிழில் ‘இடறல்’ – ஒரு பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

பழைய கணினி விளையாட்டுகளைப் புதிய கணினியில் ஓட்டும்போது வரும் கோளாறுகளுக்கு நாம் எழுதிவரும் கையேட்டில் ‘ஸ்டட்டர்’ (ஓடும் படம் சீராக நகராமல் வெட்டிவெட்டி நகர்வது) என்ற சொல் 11 இடங்களில் நிற்கிறது. அதற்கு இந்த இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: வேகக்குறைவு, திக்கல், தடங்கல், தளைதட்டல். எல்லா மடல்களையும் படித்துவிட்டு ஐந்தாவதாக ஒன்றை முன்வைக்கிறேன். அதற்கு முன் கோளாறைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. நோயின் பெயரைத் தவறாக எழுதினால் மருந்தும் தவறாகத்தான் போகும்.

> ‘வேகக்குறைவு’ என்றால் யாருக்கும் புரியும். எதற்குப் புதுச்சொல்?

புரியும், ஆனால் தவறாகப் புரியும். எனக்குத் தெரிந்த ஒருவர் இருபது ஆண்டுப் பழைய கார்ப் பந்தய விளையாட்டு ஒன்றை, 144 ஹெர்ட்ஸ் திரையுள்ள, அதாவது நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரையுள்ள, புதிய கணினியில் நிறுவினார். வளைவுகளில் கார் திரும்பும்போதெல்லாம் சாலையோரக் கம்பங்கள் வெட்டிவெட்டி நகர்ந்தன. ‘வேகம் போதவில்லை’ என்று எழுதி உதவி கேட்டார். வேகம் போதவில்லை என்பவருக்கு என்ன சொல்வார்கள்? திரைத் தெளிவைக் குறையுங்கள், நிழல்களை அணையுங்கள் என்பார்கள். அவரும் அப்படியே செய்தார். படத்தின் அழகு போயிற்று, வெட்டல் அப்படியே இருந்தது. திரையின் மூலையிலோ நொடிக்கு 144 சட்டகம் (ஃபிரேம், அசையும் படத்தின் ஒவ்வொரு தனிப்படம்) என்ற எண் அசையாமல் நின்றது.

உட்கார்ந்து ஆராய்ந்தபோது குற்றம் கடிகாரத்தில் இருந்தது. அந்த விளையாட்டு ஒவ்வொரு சட்டகத்தையும் வரையும் முன் ‘போன சட்டகத்துக்குப் பிறகு எவ்வளவு நேரம் ஆயிற்று?’ என்று விண்டோஸைக் கேட்கிறது. வரும் விடைக்கு ஏற்பக் காரை நகர்த்துகிறது. அது கேட்பது பழைய, பருமட்டான கடிகாரத்தை. அந்தக் கடிகாரத்தின் முள் ஏறத்தாழ 15.6 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் நகரும். ஒரு சட்டகத்தை வரையவே 30, 40 மில்லிநொடி எடுத்த கணினிகளில் இந்தக் குறை அவ்வளவாகக் கண்ணில் படவில்லை. இப்போது 7 மில்லிநொடிக்குள் சட்டகம் தயாராகிவிடுகிறது. கேட்கக் கேட்க வரும் விடைகள் இப்படி இருக்கும்: 0, 16, 0, 16, 0, 0, 16. பூஜ்யம் வந்தால் கார் நிற்கிறது, 16 வந்தால் தாவுகிறது.

சட்டக வீதத்தை, அதாவது நொடிக்கு வரும் சட்டகங்களின் எண்ணிக்கையை, 60-இல் பூட்டிப் பார்த்தோம். பெரிதும் தேறியது. ஆனாலும் நொடிக்கு நான்கு முறை ஒரு சிறு அதிர்ச்சி மிஞ்சியது. கடிகாரம் நொடிக்கு 64 முறை துடிக்கிறது, படம் 60 முறை வருகிறது, இடையில் உள்ள அந்த நான்குதான் கண்ணை உறுத்தியது. ரசிகர்கள் எழுதிவைத்த ஒரு திருத்தக் கோப்பு, அந்தக் கேள்வியை நுண்ணிய கடிகாரம் ஒன்றுக்குத் திருப்பிவிட்டது. கம்பங்கள் வழுக்கிக்கொண்டு போயின. நிழல்களையும் திரும்ப ஏற்றிக்கொண்டார்.

ஆகவே நாம் பெயரிட வேண்டியது வேகத்தின் குறைவை அல்ல, இடைவெளிகளின் ஒழுங்கின்மையை. 59 சட்டகங்கள் 15 மில்லிநொடி வீதம் வந்து, ஒன்று மட்டும் 115 மில்லிநொடி எடுத்தாலும் நொடிக்கு 60 என்றே கணக்கு வரும். சராசரி அந்த ஒன்றை மறைத்துவிடும், கண் மறைக்காது. கையேட்டில் சட்டக வீதத்துக்கு முன்னால் சட்டக நேர வரைபடத்தை (ஒவ்வொரு சட்டகமும் எடுத்த நேரத்தைக் காட்டுவது) பார்க்கச் சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மற்றக் காரணங்களும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. நொடிக்கு 1000 முறை செய்தி அனுப்பும் சுட்டியைச் சில பழைய விளையாட்டுகளால் தாங்க முடிவதில்லை. 125-க்குக் குறைத்தால் அடங்கிவிடும். வேலை மிகவும் இலேசாக இருப்பதால் வரைகலை அட்டை மின்சிக்கனத்துக்குப் போய்ப்போய்த் திரும்புவதும் உண்டு. இரட்டைக் கருச் (டூயல் கோர்) செயலிகள் வந்த புதிதில் இரண்டு கருக்களின் நேர எண்ணிகளும் ஒத்துப்போகாததால், விளையாட்டு ஒரு கருவிலிருந்து மற்றதற்கு மாறும்போது நேரம் முன்னும் பின்னும் குதித்தது. ஒரே கருவில் ஓட விடும் பழைய வைத்தியம் அங்கிருந்து வந்தது. இவற்றில் எதுவும் கணினியின் திறன் போதாமையால் வருவதில்லை.

> ‘திக்கல்’ நேரடியான பெயர்ப்பு. பேச்சில் திக்குவது போலவே படமும் திக்குகிறது.

ஆங்கிலச் சொல் பேச்சிலிருந்து வந்தது என்பதற்காக நாமும் பேச்சுக்குப் போக வேண்டியதில்லை. திக்கிப் பேசுபவர்கள் நம் வாசகர்களிலும் இருப்பார்கள். அவர்கள் வாழ்நாள் முழுவதும் கேட்டுச் சலித்த ஒரு சொல்லை இயந்திரக் கோளாறின் பெயராகக் கையேடு முழுவதும் இறைக்க எனக்கு மனம் வரவில்லை. பொருளும் முழுவதாகப் பொருந்தவில்லை: திக்கும்போது ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும், இங்கே எதுவும் திரும்ப வருவதில்லை.

தடங்கலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அறிவிப்பு வரும்போது படம் முழுவதுமாக நின்றுபோயிருக்கும். நம் கோளாறில் படம் நிற்பதே இல்லை.

> ஒவ்வொரு சீரும் சரியாக இருந்தும் வெண்பாவில் தளை தட்டும். பிழை சீரில் இல்லை, இரண்டு சீர்களுக்கு நடுவில் இருக்கிறது. ஆகவே ‘தளைதட்டல்’.

இதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் வேறு வேலை ஓடவில்லை. கோளாறின் இயல்பை இதைவிடத் துல்லியமாக இந்த இழையில் யாரும் சொல்லவில்லை. சட்டகம் ஒவ்வொன்றும் பழுதில்லாமல் வரையப்படுகிறது, சேரும் இடத்தில்தான் தட்டுகிறது. விளக்கப் பகுதியில் இந்த உவமையை அவசியம் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆனால் சொல்லாக ஏற்பதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. தொடுதிரைக்கு நாம் எல்லா இடத்திலும் ‘தட்டவும்’ என்று எழுதிவிட்டோம். ‘தட்டல்’ என்று முடியும் எந்தச் சொல்லையும் பயனர் விரலோடு சேர்த்துத்தான் படிப்பார்.

என் பரிந்துரை ‘இடறல்’. கால் இடறியவர் விழுவதில்லை; ஒரு கணம் தடுமாறி, அடுத்த அடியை அவசரமாக எடுத்து வைத்து, நடந்துகொண்டே போகிறார். தாமதமான சட்டகத்துக்கு அடுத்தது விரைந்து வந்து ஈடுசெய்வதும் அதேதான். வினையாகவும் இயல்பாக வருகிறது: ‘வளைவுகளில் மட்டும் இடறுகிறது’, ‘திருத்தக் கோப்பைப் போட்ட பிறகு இடறவில்லை’. அடைமொழியும் ஏற்கிறது: மில்லிநொடி அளவில் நிகழ்வதை ‘நுண்ணிடறல்’ எனலாம். விவிலியத் தமிழில் இடறல் என்பதற்கு வேறு கனமான பொருள் இருக்கிறதே என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். அங்கும் அடிப்படைப் படிமம் நடப்பவன் காலில் தடுக்கும் கல்தான் என்பதால், குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

இடறலை ஏற்றால் இன்னொரு கதவும் திறக்கிறது. சட்டகங்கள் எவ்வளவு சீரான இடைவெளியில் வருகின்றன என்பதைக் குறிக்கும் ‘ஃபிரேம் பேசிங்’ என்பதற்கு நாம் திண்டாடிக்கொண்டிருந்தோம். ‘சட்டக நடை’ என்று வைக்கலாம். காலுக்கும் நடை உண்டு, தாளத்துக்கும் நடை உண்டு. நடை சீராக இருந்தால் 30 சட்டகமும் கண்ணுக்கு இதமாக இருக்கும், நடை இடறினால் 144-உம் உதவாது. புதிய காட்சி ஒன்று முதன்முதலாகத் திரைக்கு வரும்போது நிழலாக்கி நிரல் (ஷேடர், வரைகலை அட்டையில் ஓடும் சிறு நிரல்) தொகுக்கப்படுவதால், ஒரே ஒருமுறை அரை நொடி நின்று பிறகு அந்த இடத்தில் வராமலே போகும் கோளாறைத் தனியாக ‘விக்கல்’ என்று பிரிக்க விரும்புகிறேன். விளையாட்டுகள் படம் வரையப் பயன்படுத்தும் பழைய டைரக்ட்எக்ஸ் அழைப்புகளை, அதே வேலையைச் செய்யும் புதிய வல்கனுக்கு மாற்றித்தரும் அடுக்குகளைப் பயன்படுத்துவோர் இதை அடிக்கடி பார்த்திருப்பார்கள். இடறலையும் விக்கலையும் ஒரே பெயரில் அழைத்தால், இரண்டாம் முறை ஓட்டினாலே போய்விடும் ஒன்றுக்காக மக்கள் நாள் கணக்கில் அமைப்புகளைத் திருகிக்கொண்டிருப்பார்கள்.

‘ஜட்டர்’ என்பதற்கு மட்டும் எனக்குச் சொல் அகப்படவில்லை. 60 சட்டகத்தை 144 ஹெர்ட்ஸ் திரையில் காட்டும்போது ஒவ்வொரு சட்டகமும் திரையின் 2.4 புதுப்பிப்புச் சுற்றுக்கு நிற்க வேண்டும். அது முடியாததால் சில இரண்டு சுற்றும் சில மூன்று சுற்றும் நிற்கின்றன: 2, 2, 3, 2, 3. விளையாட்டில் பிழையே இல்லை, திரையை 120 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் ஒவ்வொரு சட்டகமும் சரியாக இரண்டு சுற்று நிற்கும், கோளாறும் மறைந்துவிடும். இது தற்செயலாக நிகழ்வதில்லை, ஒரு முறைப்படி திரும்பத் திரும்ப வருகிறது, ஆகவே இடறல் ஆகாது. ‘குலுக்கல்’ என்றால் சீட்டு நினைவுக்கு வருகிறது. ‘துள்ளல்’ என்பதில் மகிழ்ச்சி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘அலைவு’ இயற்பியலில் வேறு பொருளில் நிலைத்துவிட்டது. இரண்டும் மூன்றும் மாறி மாறி வரும் நடைக்கு இசையிலோ யாப்பிலோ பெயர் இருந்தால், தெரிந்தவர்கள் எழுதுங்கள்.