கைப்பேசிக் கேமராவில் ‘லென்ஸ் ஃபிளேர்’: வில்லைச்சுடரா, கூசொளியா?

பொருள்: ‘லென்ஸ் ஃபிளேர்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

கேமரா செயலித் தமிழாக்கத்தில் ‘ஃபிளேர்’ வரும் சரங்கள் (திரையில் தெரியும் சிறு வாசகங்கள்) மட்டும் முடியாமல் நிற்கின்றன. இதுவரை வந்த பரிந்துரைகள் நான்கு: வில்லைச்சுடர், ஒளிக்கசிவு, ஒளித்தெறிப்பு, வில்லை ஒளிர்வு. ஒன்றிலும் மனம் ஒப்பவில்லை.

சுடர் விளக்கில் இருப்பது. அந்த ஒளி வில்லைகளுக்குள் (லென்ஸ்களுக்குள்) புகுந்து, வழிமாறி, விழக்கூடாத இடத்தில் விழுவதுதான் நம் சிக்கல். ஒளிக்கசிவு என்ற சொல் வேறொன்றுக்கு வேண்டும். பழைய ஃபிலிம் கேமராவின் பின்கதவில் ஒட்டியிருக்கும் பஞ்சு நைந்துபோனால் படத்தின் ஓரத்தில் செம்மஞ்சள் பட்டை விழுமே, அதுதான் கசிவு. அங்கே ஒளி வில்லை வழியாக வருவதே இல்லை. ஒளிர்வு என்றால் பொருள் தானே ஒளிவிடுவது. வில்லை அப்படிச் செய்வதில்லை. ஒளித்தெறிப்பு பற்றி இலங்கை நண்பர்கள் சொன்னால் நல்லது.

‘வழுவொளி’ என்றும் ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். திரைப்பட ஒளிப்பதிவாளர்கள் இந்த விளைவை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். குற்றம் என்ற பொருளைச் சொல்லுக்குள்ளேயே வைத்துவிட்டால் அவர்களுக்கு அது உதவாது.

திரையில் இடமும் குறைவு. சொல் சின்னதாக இருக்க வேண்டும்.

———

மறு: ‘லென்ஸ் ஃபிளேர்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் ஐயா.

சொல்லைத் தேடும் முன் பொருளைப் பிரித்துப் பார்ப்போம். ‘ஃபிளேர்’ என்ற ஒரே பெயருக்குள் குறைந்தது மூன்று வேறு நிகழ்வுகள் இருக்கின்றன. ஒன்றுக்கான தீர்வு மற்றொன்றுக்கு உதவாது. அதனால் நமக்குத் தேவை ஒரு தாய்ச்சொல்லும் மூன்று பிள்ளைகளும்.

முதலாவது, மூட்டம். படம் முழுக்கப் பால் கலந்ததுபோல் வெளுத்து, கறுப்பு சாம்பலாகிவிடும். படச் சட்டத்துக்கு (ஃபிரேமுக்கு) வெளியே உள்ள வெயில்கூட இதைச் செய்யும். சாய்ந்து வரும் ஒளி வில்லையின் விளிம்பிலும் வில்லைகளைத் தாங்கும் உருளையின் உட்சுவரிலும் பட்டுச் சிதறி, உணரி (சென்சார்) முழுவதும் பரவுகிறது. சோதனை எளிது. உள்ளங்கையைக் குடைபோலப் பிடியுங்கள். அதன் நிழல் கைப்பேசியின் முதுகில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். கேமராக் கண்ணாடியின் மேல் அந்த நிழல் வந்து நிற்கும் நொடியில் திரையில் கறுப்பு திரும்பும். கை சட்டத்துக்குள் தெரியாதவரை படத்துக்குக் குந்தகம் இல்லை.

இரண்டாவது, கீற்று. தெருவிளக்கிலிருந்து நீளமாக ஒரு கோடு ஓடும். பெரும்பாலும் காரணம் விரல் எண்ணெய். சட்டை நுனியால் ஒரே திசையில் துடைத்தால் எண்ணெய் போகாது, மெல்லிய இணைகோடுகளாகப் படியும். ஒளி அந்தக் கோடுகளுக்குச் செங்குத்தாகச் சிதறும். மேலிருந்து கீழாகத் துடைத்தால் கீற்று இடவலமாக ஓடும். இடவலமாகத் துடைத்தால் மேலும் கீழுமாக ஓடும். கைப்பேசியைச் சுழற்றும்போது கீற்றும் கூடவே சுழன்றால் குற்றவாளி கண்ணாடிமேல்தான் இருக்கிறது. முதலில் ஊதித் தூசியை அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் மணல் பூச்சைக் கீறிவிடும். பிறகு வாயாவி பிடித்து, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் சின்னச் சின்ன வட்டமாகத் துடைக்கலாம். பிசுக்கு விடாவிட்டால் 70% ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் மட்டும் லேசாக நனைத்துத் துடைக்கலாம். கண்ணாடிமேல் நேரே விடக்கூடாது.

மூன்றாவதுதான் கைப்பேசிக்காரர்களை அதிகம் குழப்புவது: இரவுப் படத்தில் வானத்தில் மிதக்கும் பச்சைப் புள்ளிகள். இவற்றுக்கு ஒரு கணக்கு உண்டு. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4% திருப்பி அனுப்பும். எதிரொளிப்பைக் குறைக்கும் நல்ல பூச்சு இருந்தால் அது 0.5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும். ஏழு வில்லைகள் கொண்ட கேமராவில் 14 பரப்புகள், அகச்சிவப்பு வடிகட்டிக்கு 2, வில்லைகளை மூடியிருக்கும் மேற்கண்ணாடிக்கு 2, மொத்தம் 18. ஒளி எந்த இரண்டு பரப்புகளுக்கிடையிலும் திரும்பித் திரும்பி உணரிக்கு வரலாம் என்பதால் 153 இணைகள். ஒரு பரப்புக்கு 0.5% என்றே வைத்தாலும், இருமுறை திரும்பும் ஒளி மூல ஒளியில் 40,000-இல் ஒரு பங்கு. பகலில் இது கண்ணுக்கே படாது. கறுத்த வானத்துக்கு எதிரே எல்.இ.டி. விளக்கு என்றால் தெளிவாகப் படும். பூச்சு எல்லா நிறத்தையும் ஒரே அளவில் தடுப்பதில்லை. தடுக்காமல் விட்ட நிறமே புள்ளியின் நிறம்.

இவற்றில் கூர்மையாகத் தெரியும் புள்ளி உணரிக்கும் தட்டையான மேற்கண்ணாடிக்கும் இடையே பிறப்பது. உணரியில் பட்டுத் திரும்பும் ஒளி வில்லைகள் வழியே பின்னோக்கிப் போய், இணைகதிராக வெளியேறி, மேற்கண்ணாடியில் மோதி மீண்டும் உள்ளே வருகிறது. வந்து குவியும் இடம் படமையத்துக்கு நேர் எதிர்ப்புறம், அதே தொலைவு. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒளிரும் கடைப்பலகை இருந்தால் அதன் எழுத்துகளே தலைகீழாகத் திரும்பிய நிலையில் எதிர்ப்பக்க வானத்தில் பச்சையாகத் தெரியும்.

தீர்வும் இதிலேயே கிடைக்கிறது. விளக்கைச் சட்டத்தின் நட்டநடுவில் வைத்தால் புள்ளி விளக்கின் மேலேயே விழுந்து மறைந்துவிடும். ஓரங்களைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். விளக்கைச் சட்டத்துக்கு வெளியே தள்ளினால் புள்ளியும் வெளியேறும். எவ்வளவு துடைத்தாலும் இது மட்டும் போகாது. மேலே ஒட்டும் காப்புக் கண்ணாடி பூச்சில்லாததாக இருந்தால் இன்னும் இரண்டு பரப்புகள் சேர்ந்து நிலைமை மோசமாகும். உரித்துவிட்டு ஒரு படம் எடுத்து ஒப்பிட்டால் உடனே தெரியும்.

பழைய வழக்குகளும் இதையே காட்டுகின்றன. 2012-இல் ஐஃபோன் 5 படங்களில் ஊதா மூட்டம் என்று புகார் எழுந்தபோது, கேமராவைச் சற்று நகர்த்தவோ கையால் மறைக்கவோ ஆப்பிள் நிறுவனம் சொன்னது. 2016-இல் கூகுள் பிக்சலில் வில்போல் வளைந்த ஒளி தோன்றியது. அதை மென்பொருளால் கண்டுபிடித்துக் கழிப்பதாக கூகுள் சொன்னது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்.

என் பரிந்துரை: தாய்ச்சொல் கூசொளி. பிள்ளைகள் ஒளிமூட்டம், ஒளிக்கீற்று, எதிருரு. ‘பேயுரு’ வேண்டாம், அது ஆங்கில ‘கோஸ்ட்’டை அப்படியே எடுத்து வைப்பது. ‘மாயவுரு’வும் வேண்டாம், பள்ளிப் பாடத்தில் மாய பிம்பம் என்பதற்கு வேறு பொருள் நிலைத்துவிட்டது.

———

மறு: கூசொளி, எதிருரு

வணக்கம்.

ஒளித்தெறிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். இலங்கைப் பாடநூல்களில் தெறிப்பு என்றால் தமிழ்நாட்டார் எதிரொளிப்பு என்பது. முறிவு என்றால் ஒளிவிலகல். தெறிப்பு விதிகளைப் படித்த பிள்ளைக்கு ‘உங்கள் படத்தில் ஒளித்தெறிப்பு உள்ளது’ என்றால், கண்ணாடியைப் படம் பிடித்துவிட்டோமோ என்றுதான் தோன்றும். அந்தச் சொல்லை விட்டுவிடுவோம்.

கூசொளியில் இரண்டு ஐயங்கள். கூசுவது கண், ஒளி கூசுவதில்லையே, வினைத்தொகையாக ‘கூசும் ஒளி’ என்று விரித்தால் பொருள் பிழைக்காதா? மற்றது, எதிரே வரும் வாகனத்தின் முகப்பு விளக்கால் கண் கூசுவதற்கும் இதே சொல்லைத்தானே எடுப்பார்கள்?

எதிருரு அழகான சொல், ஆனால் எல்லாவற்றையும் பிடிக்காது. வில்லைப் பரப்புகளுக்கிடையே மட்டும் திரும்பும் ஒளி, குவியாமல் பெரிய வெளிறிய வட்டங்களாக விழுகிறது. அவை விளக்கையும் படமையத்தையும் சேர்க்கும் கோட்டில் வரிசையாக நிற்கும், சில விளக்கின் பக்கத்திலேயே நிற்கும். அவற்றை ‘எதிர்’ என்று எப்படிச் சொல்வது? ஒளி மீண்டு வந்ததால் ஆன உரு என்ற பொருளில் மீளுரு என்று வைத்தால் எல்லாம் அடங்கும்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். சூரியனைச் சுற்றிச் சிவப்பு இதழ்கள் விரிவதுபோல ஒரு வகை உண்டு. உணரியின் படப்புள்ளிகள் (பிக்சல்கள்) சீரான இடைவெளியில் அமைந்திருப்பதால் கீற்றணிபோல (நுண்கோடுகளால் ஒளியைப் பிரிக்கும் தகடுபோல) செயற்பட்டு, ஒளியைக் குறிப்பிட்ட கோணங்களில் திருப்பி அனுப்புகின்றன. 1.4 மைக்ரோமீட்டர் இடைவெளிக்கு, 0.65 மைக்ரோமீட்டர் அலைநீளச் சிவப்பு ஏறத்தாழ 28 பாகை சாய்ந்து திரும்பும். அது வடிகட்டியில் பட்டு மறுபடியும் கீழே விழுகிறது. இதை இதழ்க்கூசொளி எனலாம்.

———

மறு: கூசொளி, மீளுரு

வணக்கம்.

மீளுருவை முழுமனதோடு ஏற்கிறேன். எதிருருவை விட்டுவிடலாம். இதழ்க்கூசொளியும் நன்றாக இருக்கிறது.

வினைத்தொகை பற்றி: குடிநீர் என்கிறோம், நீர் குடிப்பதில்லை. உண்கலம் என்கிறோம், கலம் உண்பதில்லை. கண் கூசச் செய்யும் ஒளி கூசொளி என்று விரிப்பதற்குத் தமிழ் இடம் தருகிறது. இரண்டாவது ஐயத்துக்கு ஓர் எல்லை போட்டுக்கொள்வோம்: கண்ணில் நிகழ்வது கண்கூச்சம், வில்லைக்குள் பிறந்து படத்தில் பதிவது கூசொளி. ‘எதிர்வெயில்ல எடுக்காத, கூசும்’ என்று ஊரில் சொல்வது இரண்டுக்கும் பொதுவாகக் காதில் பழகியிருப்பதால் புதுச்சொல் அந்நியமாகத் தோன்றாது.

அளவீட்டிலும் பிள்ளைச்சொற்கள் தனியே நிற்க வேண்டும். ஐஎஸ்ஓ 9358 தரம் (1994) பரந்த ஒளிப்பரப்பின் நடுவில் ஒரு கரும்புள்ளியை வைத்து, அந்தக் கறுப்பின் மேல் எவ்வளவு ஒளி ஏறுகிறது என்று விழுக்காட்டில் சொல்கிறது. அது மூட்டத்தின் அளவு. சிறிய ஒளிமூலத்தை வைத்து, ஒளி படத்தில் எங்கெங்கே போய் விழுகிறது என்று பார்ப்பதைத் தனி முறையாக வைத்திருக்கிறது. எனவே முதலாவது ‘ஒளிமூட்டக் குறியெண்’.

சரங்கள் இப்படி இருக்கட்டும். பயனருக்கு வகைப்பெயரை விடச் செய்ய வேண்டிய வேலையே முக்கியம்:

‘கேமராக் கண்ணாடியில் பிசுக்கு உள்ளது. துடைக்கவும்.’

‘படம் வெளுக்கிறது. கேமரா மேல் வெயில் படாமல் கையால் மறைக்கவும்.’

‘விளக்கின் மீளுரு விழுகிறது. விளக்கை நடுவில் வைக்கவும்.’

மூன்றாவதில் ‘துடைக்கவும்’ என்று எந்த மொழிபெயர்ப்பிலும் வந்துவிடக்கூடாது. இல்லாத அழுக்கைத் தேடித் துடைத்தே பூச்சைத் தேய்த்துவிடுவார்கள்.

அமைப்புப் பட்டியலில் ‘கூசொளி நீக்கம்’ என்று இருப்பதைக் ‘கூசொளி குறைப்பு’ என மாற்றக் கோருகிறேன். மீளுருவை மென்பொருள் ஓரளவு அழித்துவிடும். விளக்கு ஒரு பக்கம் நகர, மீளுரு எதிர்ப்பக்கம் நகர்வதால் அடுத்தடுத்த சட்டங்களை ஒப்பிட்டுப் பிடித்துவிடலாம். மூட்டத்தில் அது நடக்காது. மேலே ஏறிய ஒளியின் சராசரியைக் கழித்தால் கறுப்பு திரும்பும், ஆனால் அந்த ஒளியோடு வந்த இரைச்சல் (படத்தில் தெரியும் பொடிப்பொடியான புள்ளிகள்) போகாது. நிழலில் இருந்த முகத்தின் நுண்விவரம் அந்த இரைச்சலுக்குள் மூழ்கியே கிடக்கும். நீக்கம் என்று எழுதினால் பயனர் கையால் மறைக்கும் வேலையை விட்டுவிடுவார்.