எடிசன் (நியூ ஜெர்சி) நவம்பர் விருந்துக் குழு: கிரான்பெரி சாஸ் கேனா, அடுப்பா?

சுரேஷ்: தேங்க்ஸ்கிவிங் விருந்து லிஸ்ட்ல, வான்கோழிக்குத் தொட்டுக்கற கிரான்பெரி சாஸுக்கு நேரா மட்டும் யார் பேரும் இல்ல. நான் நாலு கேன் வாங்கிப் போட்டுடவா? மொத்தம் 20 பேர்.

கவிதா: கேனா?? 12 அவுன்ஸ் கிரான்பெரிப் பழப் பை ஒண்ணு, ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணி, பத்து நிமிஷம். இதுக்குப் போயா கேன் வாங்கணும்?

சுரேஷ்: பசங்க கேன்லேருந்து அப்படியே முழுசா வர்ற அந்த ஜெல்லி உருளையைத்தான் தேடுவாங்க. மேல கேனோட வரி வரியான அச்சு இல்லேன்னா தொட மாட்டாங்க.

ராகவன் மாமா: கேன்ல இருக்கறது பூரா கெமிக்கல்பா. கெட்டியாகறதுக்கு மிருகத்தோட தோல், எலும்புலேருந்து எடுக்கற ஜெலட்டின் வேற போடுவான். நாங்க சைவம், எங்களுக்கு வேண்டாம்.

மாலதி அக்கா: ஜெலட்டின் கிடையாது மாமா. ஓஷன் ஸ்ப்ரே கம்பெனி ஜெல்லி கேனைத் திருப்பிப் பாருங்க: கிரான்பெரி, ரெண்டு வகை சோளச் சிரப், தண்ணி, சிட்ரிக் ஆசிட். அவ்ளோதான். பழத்துலயே பெக்டின்ங்கற நார்ப்பொருள் நிறைய இருக்கு, அதுதான் உறைய வைக்குது. பிரிசர்வேட்டிவும் தேவையில்ல, அந்தப் புளிப்புல சீல் பண்ணி சூடாக்கினாலே போதும்.

மாலதி அக்கா: நீங்க உஷாரா இருக்க வேண்டியது ஜெல்லோ சாலட்கிட்ட. யாராவது கொண்டு வருவாங்க. சிவப்பா, உள்ள கிரான்பெரி, வால்நட் எல்லாம் போட்டு சாஸ் மாதிரியேதான் இருக்கும். அதுல ஜெலட்டின் உண்டு. கேட்டுட்டு எடுங்க.

ராகவன் மாமா: சரி, ஜெலட்டின் வாபஸ். ஆனா 1959ல பண்டிகைக்கு ரெண்டரை வாரம் இருக்கும்போது கிரான்பெரியில களைக்கொல்லி கலந்திருக்குன்னு மத்திய சுகாதார மந்திரி ஃப்ளெமிங்கே அறிவிச்சாரே. நாடே ஒதுக்கிச்சும்மா.

மாலதி அக்கா: அமினோடிரையசோல். அது தோட்டத்துல அடிச்ச மருந்து மாமா. தப்பு நடந்தது பழத்துல. கேன்ல அடைச்சதுனால வந்த வினை இல்ல. அதை வெச்சு கேனைத் திட்டினா எப்படி?

கவிதா: என்ன சொன்னாலும் வீட்ல செஞ்சா சர்க்கரை கம்மிதானே அக்கா? பெரியப்பாவுக்கு வேற சுகர்.

மாலதி அக்கா: எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. கணக்குப் போட்டுப் பாரு. ஒரு கப் சர்க்கரை 200 கிராம். ஒரு பைக்கு ரெண்டே கால் கப் சாஸ் வரும், அதாவது கால் கப் வீதம் ஒன்பது பங்கு. பங்குக்கு 22 கிராம். பழத்தோட சொந்தச் சர்க்கரையும் சேர்த்தா 24 பக்கம் வந்துடும். கேன் லேபிள்லயும் கால் கப்புக்கு கிட்டத்தட்ட அதேதான். பை மேல போட்டிருக்கற அளவை அப்படியே செஞ்சா பெரியப்பாவுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

கவிதா: அப்போ அரை கப்பா குறைச்சுடறேன்.

மாலதி அக்கா: அரை கப்புல நாக்கு கூசும், சரியா உறையவும் உறையாது. சர்க்கரை தண்ணியைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டாத்தான் பெக்டின் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும். முக்கால் கப் வரைக்கும் தாராளமா குறைக்கலாம். இனிப்பூட்டிப் பொடி மட்டும் போட்டா ருசி வரும், அந்த அளவு கெட்டி வராது. பெரியப்பாவுக்கு ஒரு டேபிள்ஸ்பூனோட நிறுத்திக்கச் சொல்லு, அதுதான் சுலபம்.

பிரவீன்: ஒரு சிட்டிகை பேக்கிங் சோடா போட்டா புளிப்பு அடங்கும், சர்க்கரை குறைக்கலாம்னு சொல்றாங்களே?

மாலதி அக்கா: அடங்கும். ஆனா கொஞ்சம் கை தவறினாலும் சிவப்பு மங்கி ஊதா அடிக்கும், உறையறதும் தளரும். புளிப்புதான் நிறத்தையும் கெட்டியையும் பிடிச்சு வெச்சிருக்கு. எனக்கு அந்த வேலை பிடிக்கல.

பிரவீன்: அப்போ முறையா எப்படிச் செய்யணும், எழுதுங்க அக்கா. இந்த வருஷம் நான் செய்யறேன்.

மாலதி அக்கா: பழத்தைக் கழுவி, நசுங்கினது, பழுப்பானது, காம்பு எல்லாம் எடுத்துடு. வெளுத்த பழம் இருந்தா எறியாதே, அதுல பெக்டின் கூட. எவர்சில்வர் பாத்திரம் எடு, வெறும் அலுமினியம் வேண்டாம், புளிப்பு பட்டா உலோக வாடை வரும். ரெண்டு பைக்கு நாலு லிட்டர் பாத்திரமாவது வேணும், நல்லா நுரைச்சுக்கிட்டு மேல வரும்.

மாலதி அக்கா: தண்ணியும் சர்க்கரையும் கொதிச்சதும் பழத்தைப் போடு. திரும்பக் கொதி வந்ததும் தீயைக் குறைச்சு பத்து நிமிஷம், அப்பப்போ கிளறு. பழத்துக்குள்ள நாலு காத்தறை இருக்கு, சூடானா பட்டு பட்டுன்னு வெடிக்கும். குனிஞ்சு பார்க்காதே, மூஞ்சியில தெறிக்கும். முக்காவாசி வெடிச்சதும் நிறுத்திடு, மிச்சம் முழுசா இருக்கட்டும்.

பிரவீன்: பத்து நிமிஷத்துல ரசம் மாதிரிதானே இருக்கும்?

மாலதி அக்கா: அங்கதான் எல்லாரும் கெடுக்கறாங்க. சூட்டுல அது தண்ணியாத்தான் தெரியும், ஆறினாத்தான் உறையும். கெட்டியாகலையேன்னு இன்னும் இருபது நிமிஷம் கொதிக்க விட்டா, ஒண்ணு ஆறினப்புறம் பசை மாதிரி இறுகும், இல்ல பெக்டினே உடைஞ்சு இளகிப் போகும். கசப்பும் ஏறும். சந்தேகம்னா ஃப்ரீசர்ல ஒரு தட்டு வெச்சு, அதுல ஒரு ஸ்பூன் விட்டு, ரெண்டு நிமிஷம் கழிச்சு விரலால கோடு போடு. கோடு மூடாம நின்னா பதம்.

கவிதா: நான் பாதி தண்ணிக்குப் பதிலா ஆரஞ்சு ஜூஸ் விடுவேன். தோலையும் சீவிப் போடுவேன்.

மாலதி அக்கா: ஜூஸ் சரி. தோலை அடுப்பை அணைச்சப்புறம் போடு, முதல்லயே போட்டா வாசனை ஆவியோட போயிடும். வெள்ளைப் பகுதி ஒரு துளி வந்தாலும் கசக்கும்.

சுரேஷ்: ஃப்ரோசன் பழம் ஓகேவா?

மாலதி அக்கா: ஓகே. உருக வைக்காம நேரா போடுங்க, கொதி திரும்ப வர கொஞ்சம் நேரம் ஆகும்.

ராகவன் மாமா: நம்ம ஜெர்சி பைன் பேரன்ஸ் பழத் தோட்டங்கள்ல அக்டோபர்ல தண்ணி மேல செக்கச்செவேல்னு மிதக்குமே, அந்தப் பழம்தானே பையில வர்றது?

மாலதி அக்கா: இல்ல மாமா. தண்ணியில அடிச்சு மிதக்க விட்டு அள்ளறது ஜூஸுக்கும் கேனுக்கும். நனைஞ்ச பழம் ரொம்ப நாள் தாங்காது. பையில விக்கறது காய்ஞ்ச வயல்ல இயந்திரத்தால வாரி எடுத்தது.

ராகவன் மாமா: கேனோட கதையே அதுதான். 1912ல மாசசூசெட்ஸ்ல மார்கஸ் யூரன்னு ஒரு வக்கீல் ஆரம்பிச்சார். அறுவடை ரெண்டு மாசம்தான், அடைச்சு வெச்சா வருஷம் பூரா விக்கலாமே. 1930ல ஜெர்சிக்காரங்களும் சேர்ந்து கூட்டுறவாச்சு, அதுதான் ஓஷன் ஸ்ப்ரே. இன்னிக்கு நாட்டோட விளைச்சல்ல பாதிக்கு மேல விஸ்கான்சின்.

சுரேஷ்: மாமாவே கேன் கட்சிக்கு வந்துட்டார் 😄 அக்கா, போன தடவை உடைஞ்ச மாதிரி இல்லாம அந்த ஜெல்லியை முழுசா எப்படி எடுக்கறது?

மாலதி அக்கா: முதல் நாளே ஃப்ரிட்ஜ்ல வைங்க, ஆறினது இளகாது. தட்டையான பக்கத்தைத் திறந்து, மெல்லிய கத்தியை ஓரமா ஒரு சுத்து விடுங்க. அடியில வெற்றிடம் பிடிச்சிருக்கும், அதான் வராது. எதிர்ப்பக்கம் கூரான முனையால ஒரு சின்ன ஓட்டை போட்டா காத்து உள்ள போய் "ப்ளப்"னு தட்டுல இறங்கும். குலுக்காதீங்க, குலுக்கினாத்தான் ரெண்டா உடையும். அரை அங்குலத் துண்டா போட்டா ஒரு கேனுக்கு எட்டு வரும்.

கவிதா: அதையே சூடு பண்ணி ஆரஞ்சு, இஞ்சி எல்லாம் சேர்த்தா?

மாலதி அக்கா: ஜெல்லியைச் சூடு பண்ணாதே. உருகினா பழையபடி உறையாது, குழம்பாத்தான் நிக்கும். அப்படிச் செய்யணும்னா முழுப் பழம் போட்ட கேன் வாங்கி, லேசா சூடாக்கி ஒரு டீஸ்பூன் ஆரஞ்சுத் தோல், அரை டீஸ்பூன் துருவின இஞ்சி போடு. யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க.

பிரவீன்: எப்போ செய்யட்டும்? வியாழன் காலையிலயா?

மாலதி அக்கா: அன்னிக்கு அடுப்பு காலியா இருக்காது. திங்கள் செவ்வாய்லயே செஞ்சுடு, ஃப்ரிட்ஜ்ல பத்து நாள் நிக்கும். மறுநாள் ரொம்ப இறுகியிருந்தா ரெண்டு ஸ்பூன் வெந்நீர் விட்டுக் கிளறு. இளகியிருந்தா திரும்ப மூணு நிமிஷம் கொதிக்க வை. பாட்டில்ல அடைச்சு வெளிய வைக்காதே. அதுக்கு மூடியோட கொதிதண்ணியில 15 நிமிஷம் முழுக வைக்கணும், சூடா ஊத்தி மூடினா மட்டும் போதாது.

ராகவன் மாமா: மிச்சப் பழத்துல ஒரு தொக்கு போட்டா எங்களுக்கு வான்கோழி இல்லாமலே விருந்து முடிஞ்சுடும்.

மாலதி அக்கா: ஒரு பைக்கு நாலு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய், கடுகு, பெருங்காயம். பழம் போட்டு வெடிக்க விட்டு மசிச்சு, உப்பு, மிளகாய்ப்பொடி ரெண்டு டேபிள்ஸ்பூன், கொஞ்சம் வெல்லம். எண்ணெய் பிரிஞ்சு ஓரத்துல நிக்கற வரைக்கும் சுருள வதக்கணும், கடைசியில கால் டீஸ்பூன் வறுத்த வெந்தயப்பொடி. புளியே வேண்டாம்.

கவிதா: தொக்கு நான் போடறேன்.

சுரேஷ்: அப்போ லிஸ்ட்: பிரவீன் ரெண்டு பை சாஸ். நான் ரெண்டு கேன், ஜெல்லிதான். கவிதா தொக்கு. சரியா அக்கா?

மாலதி அக்கா: சரி. பை மூணா வாங்குங்க, ஒண்ணு தொக்குக்கு. கேன் ஓப்பனரை மறக்காம கொண்டு வாங்க, என்கிட்ட இருக்கறது மழுங்கிடுச்சு.