புதுப்பிப்பு: படத்துக்கும் கொம்பியூட்டருக்கும் ஒரே புரொஜெக்டர், எடுத்தாச்சு

திருகோணமலை வீட்டு ஹோலில படம் பாக்கவும் லப்டொப்பைக் கொழுவி எக்செல் வேலை செய்யவும் ஒரே புரொஜெக்டர் எது நல்லம் எண்டு கேட்டிருந்தன், பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

பெட்டியில "1080பி சப்போர்ட்" எண்டு போட்டிருக்கிறத நம்பாம நேட்டிவ் ரெசலூஷன் (புரொஜெக்டருக்குள்ள உண்மையா இருக்கிற புள்ளியளின்ர எண்ணிக்கை) 1920×1080 தானோ எண்டு பாருங்க எண்டு ஒரு அண்ணா சொன்னவர், அதுதான் சரி. கடையில வெறும் "சப்போர்ட்" எண்டு போட்ட மலிவானதையும் நேட்டிவ் உள்ளதையும் பக்கத்தில வச்சுப் போட்டுப் பாத்தன், மலிவானது உள்ளுக்கு 1280×720 தான், படம் ஓடேக்க பெரிசா வித்தியாசம் தெரியேல்ல ஆனா எக்செல் கட்டத்துக்குள்ள 8உம் 6உம் ஒரே மாதிரி. நேட்டிவ் உள்ளதையே எடுத்திட்டன்.

வீட்ட கொண்டந்து போட்டா அப்பவும் எழுத்து கொஞ்சம் கலங்கல். கீஸ்டோன் (சரிவா விழுற படத்தை இழுத்து நேராக்கிற செட்டிங்) போட்டா எழுத்து கெடும் எண்டு ஒரு தங்கச்சி எழுதினவ, அதை 0க்கு கொண்டுவந்து புரொஜெக்டரையே திரைக்கு நேர வச்சு ஓவர்ஸ்கானையும் (படத்தைக் கொஞ்சம் பெருப்பிச்சு ஓரத்தை வெட்டுறது) நிப்பாட்டினன், புள்ளிக்குப் புள்ளி தெளிவு!

ஒருத்தரும் சொல்லாத விசயம் ஒண்டு, லப்டொப்பில இருந்து வந்தா கறுப்பெல்லாம் சாம்பலாத் தெரிஞ்சது. லப்டொப் லிமிட்டட் ரேஞ்சில (முழுக் கறுப்பு, முழு வெள்ளை வரைக்கும் போகாத சுருக்கின அளவு) அனுப்புது, புரொஜெக்டர் ஃபுல் எண்டு நினைக்குது, ரெண்டையும் ஃபுல்லுக்கு மாத்தச் சரி.

பகல்ல ஜன்னலைச் சாத்தாம ஒண்டும் தெரியாது, சாத்தினா எங்கட வெக்கையில இருக்கேலாது, அதால எக்செல் வேலை இப்ப இரவிலதான்.