1902-இல் மணிலாவின் கதவு மூடாமல் இருந்திருந்தால்?

அலைகடல்: அமெரிக்கா தன் சீனர் விலக்குச் சட்டத்தை 1902-இல், அப்போது தன் ஆட்சியில் இருந்த பிலிப்பைன்சுக்கும் நீட்டியது. சீனக் கூலியாட்கள் வருவது சட்டப்படி நின்றது. அதே காலத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் ஆள் குவிந்தார்கள். அந்தச் சட்டம் மட்டும் வராமல் இருந்திருந்தால் மணிலாவும் செபுவும் இன்று பினாங்கு மாதிரி இருந்திருக்கும். பல மொழி, பல கோயில். இதுதான் என் கட்சி.

நெய்தல்காரன்: தலையை எண்ணிட்டா போதுமா? மணிலாவில் இருக்கிற பினோண்டோ 1594-லேயே கத்தோலிக்கராக மாறிய சீனர்களுக்காக உருவான ஊர். ஞானஸ்நானம் வாங்கினா உள்ளூர்ப் பெண்ணைக் கட்டலாம், பிள்ளைங்க மெஸ்டிசோ, அதாவது கலப்பினம். பிலிப்பைன்ஸ் தேசிய வீரர் ரிசாலோட தந்தைவழி மூதாதை சீனாவின் ஃபூஜியன்காரர். ரிசாலைச் சீனர்னு யார் சொல்றாங்க? இன்னும் பத்து லட்சம் பேர் வந்திருந்தாலும் கரைஞ்சிருப்பாங்க.

அலைகடல்: கரைஞ்சதுக்கு ஞானஸ்நானம் மட்டுமா காரணம்? வந்தவங்க பெரும்பாலும் ஆண்கள். மலாயாவில் 1933-இல் ஆண்கள் வரவுக்குத்தான் கட்டுப்பாடு போட்டாங்க. 1938 வரைக்கும் பெண்கள் தாராளமா வந்தாங்க, குடும்பம் வேர் பிடிச்சது. மணிலாவில் அந்தக் கட்டம் வரவே இல்லை. அப்புறம், 'கரைஞ்சாங்க'ன்னு நைசா சொல்லிட்டுப் போறீங்களே, 1603-இல் அங்கே சுமார் 20,000 சீனர்களைக் கொன்னாங்க. அது எந்தக் கணக்கு?

நெய்தல்காரன்: அந்தக் கணக்கு எனக்குத்தான் சாதகம். சீனர்கள் சிறுபான்மையா இருந்த 1954-லேயே சில்லறை வணிகத்தை அயல்நாட்டவருக்கு மூடிச் சட்டம் போட்டாங்க. பத்து மடங்கு பேர் இருந்திருந்தா உங்களுக்குக் கிடைச்சிருப்பது பினாங்கு இல்லை, மலாய்-சீனர் கலவரம் வெடிச்ச 1969 கோலாலம்பூர்.

மழைக்குருவி: ரெண்டு பேரும் மணிலாவை விட்டு நகரமாட்டீங்களா? பிலிப்பைன்ஸ் அதிபரா இருந்த கேசோன், நாஜிகளுக்குத் தப்பி ஓடிய 10,000 யூத அகதிகளைத் தெற்குத் தீவான மிண்டனாவோவில் குடியேற்றத் திட்டமிட்டார். நாட்டுக்குள்ள வந்து தப்பியது சுமார் 1,300 பேர், அதுக்குள்ள ஜப்பான் படை வந்துடுச்சு. மாற்று வரலாறு எழுதறவங்க எல்லாரும் இந்த இடத்தில் உருகுவாங்க. ஆனா மிண்டனாவோ காலி மனையா? முஸ்லிம்களான மோரோ மக்களும் பழங்குடிகளான லுமாட் மக்களும் வாழ்ந்த மண். வடக்கிலும் நடுவிலும் இருக்கிற லூசோன், விசயாஸ் தீவுகள் பக்கமிருந்து கிறிஸ்தவர்களைக் கொண்டுபோய் வைச்சதிலேயே நிலத் தகராறு முத்தி 1970-களில் போர். பன்மைச் சமூகம்னு பேசும்போது முஸ்லிம் தெற்கு மட்டும் எப்படி மறந்துபோகுது?

நெய்தல்காரன்: நியாயமான கேள்வி. நம்ம பக்க உதாரணம் ஒண்ணு: 1762-இல் ஆங்கிலேயரோட சென்னையிலிருந்து மணிலா போன சிப்பாய்களில் சிலர் மணிலா பக்கத்து ஊரான கைந்தாவிலேயே தங்கிட்டாங்க. வாரிசுகள் இப்போ தாகலோக் பேசும் கத்தோலிக்கர்கள். தமிழாவது, தெலுங்காவது!

அலைகடல்: பெண்டாட்டி பிள்ளைகள் இல்லாம போன பட்டாளம் சார் அது. நான் கேட்டது குடும்பத்தோட கப்பல் ஏறுறவங்களைப் பத்தி. மழைக்குருவி, மிண்டனாவோவுக்குத் தனி இழை திறங்க, வர்றேன்.