சரிவகம் கணக்குல 325 வருது, விடை 300னு போட்டிருக்கு, எங்கீங்க தப்பு?

பெருந்துறை அம்மா:
ஏனுங்க, பையன் ஏழாவது படிக்கிறான், டியூசன்ல குடுத்த பயிற்சித்தாள்ல ஒரு கணக்கு, நேத்து ராத்திரி சோறு கூட திங்காம அதையே புடிச்சுட்டு உக்காந்திருந்தான். சரிவகம், இணைப்பக்கம் 20 செ.மீ, 30 செ.மீ, சாஞ்ச பக்கம் ரெண்டும் 13 செ.மீ, பரப்பு கேக்கறாங்க. இவன் அரை × 13 × 50 போட்டு 325ங்கறான், பின்னாடி விடை 300னு இருக்கு. எனக்கு கணக்கு எட்டாவதோட போச்சுங்க, யாராச்சும் சொன்னா புண்ணியமா போகும்.

தறிக்காரன்:
அச்சுப்பிழையா இருக்கும்ங்க்கா. சூத்திரம் சரியாத்தான போட்டிருக்கான்?

கோபி டியூசன்:
அச்செல்லாம் சரிதானுங்க. 13 உயரம் இல்ல, சாஞ்ச பக்கம். உயரம்னா இணைகோடு ரெண்டுக்கும் நடுவுல நட்டக்குத்தலா நிக்கறது. இதை வாயில சொன்னா பசங்களுக்கு ஏறாது, சீமாத்துல நாலு ஈக்குச்சி உருவி செவ்வகமா வெச்சு மூலைல நூல் போட்டு கட்டச் சொல்லுங்க, அப்புறமேட்டு ஒரு மூலைய புடிச்சு சாய்க்கோணும். குச்சி நீளம் இம்மியும் மாறாது, உள்ள இருக்கற எடம் மட்டும் சுருங்கிக்கிட்டே போயி கடசீல குச்சியோட குச்சி ஒட்டிக்கும்.

இந்தக் கணக்குல 30ல 20 போனா 10, சாஞ்ச பக்கம் ரெண்டும் ஒரே அளவுங்கறதால அந்தப்பக்கம் 5, இந்தப்பக்கம் 5. பித்தாகரஸ்படி 13 × 13 = 169ல 5 × 5 = 25 போனா 144, அது 12 × 12, அதனால உயரம் 12. அரை × 12 × 50, 300 வந்துருச்சுங்களா?

பெருந்துறை அம்மா:
பித்தாகரஸ் இன்னும் எடுக்கலீங்களாமா, எட்டாவதுலதானாம்.

கோபி டியூசன்:
அப்ப வரைஞ்சே கண்டுபுடிக்கட்டும். எல்லாத்தையும் பாதியாக்கிக்கோணும். கீழ 15 செ.மீ கோடு, முனைல இருந்து 2.5 தள்ளி புள்ளி, அங்க மூலைமட்டம் வெச்சு செங்குத்துக் கோடு. காம்பஸ 6.5 விரிச்சு முனைல குத்தி அந்தக் கோட்ட வெட்டோணும். வெட்டுன எடம் வரைக்கும் அளந்தா 6, ரெட்டிச்சா 12.

காங்கயத்துக் காடு:
பெரியவங்களே பண்ற தப்புதானுங்க இது. காடு வாங்கறப்ப சாஞ்ச வரப்புல டேப் புடிச்சு அதையே அகலம்னு போட்டுருவாங்க. இதே கணக்க அடில பத்து மடங்கா போட்டுப் பாருங்க, 200, 300, சாஞ்சது 130. 32,500க்கும் 30,000க்கும் வித்தியாசம் 2,500 சதுர அடி, சென்ட்டு 435.6ன்னா இல்லாத அஞ்சே முக்கா சென்ட்டுக்கு காசு எண்ணி வெச்சிருப்பீங்க. எங்க மேஸ்திரி கடைக்காலுக்கு நூல் கட்டறப்ப ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறி போட்டு, குறுக்க 5 வந்தாத்தான் மூலை செங்கோணம்னு ஒத்துக்குவாரு.

தறிக்காரன்:
அய்யோ, போன வாரம் என்ற புள்ளைக்கும் இப்படியே சொல்லிக் குடுத்துட்டனே 🤦

பெருந்துறை அம்மா:
வரைஞ்சுட்டானுங்க! மொதல்ல 5.9 வந்துச்சு, பார்த்தா பென்சில் மொட்டை, சீவிக் குடுத்தேன், 6 வந்துருச்சு. ஈக்குச்சிய தங்கச்சிக்காரி புடுங்கிட்டு ஓடிட்டா. அடுத்த கணக்குல இணைப்பக்கம் 20, 34, சாஞ்சது 13, 15. மிச்சம் 14ஐ ஏழு ஏழுன்னு பிரிச்சுட்டு முழிக்கறான்.

கோபி டியூசன்:
இங்க பாதி பண்ணக் கூடாதுங்க, சாஞ்ச பக்கம் ரெண்டும் வேற வேற. 13, 14, 15ல ஒரு முக்கோணம் தனியா வரையச் சொல்லுங்க, உச்சில இருந்து 14 மேல செங்குத்து எறக்குனா 5, 9னு பிரியும், உயரம் இதுலயும் 12தான். பரப்ப அவனே போடட்டும், நான் சொல்ல மாட்டேன்.